கைப்பிடி வைத்த கணினி

ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் தோள்வலி எப்படி இருக்கிறது? இடது பக்கம் படுக்க முடிகிறதா? தைலத்தை நம்பாமல் மருத்துவரைப் பாருங்கள் என்று போன கடிதத்திலும் எழுதினேன். உங்கள் பதிலில் அதைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது.

ஒரு செய்தி. என் மடிக்கணினி போய்விட்டது. கொஞ்ச நாளாக அதன் விசிறி கத்திக்கொண்டிருந்தது. போன மாதம் கத்துவதை நிறுத்தியது, அதோடு எல்லாம் நின்றது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு வைத்தியம் பாக்குறதுக்குப் புதுசே வாங்கிடலாம்மா" என்றார். புதிதின் விலையை அவரிடம் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

வகுப்புக்கு முப்பரிமாணப் படங்கள் செய்ய வேண்டும். அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி தேவை. உங்களிடம் மறைப்பானேன், விளையாடவும்தான். வகுப்பில் நாங்கள் ஐந்து பேர் ஓர் அணி. கணினி இல்லாததால் ஒரு மாதமாக நான் பின்னால் நின்று கைதட்டுகிறேன். அதனால் உதிரிகளாக வாங்கி நானே சேர்க்கப் போகிறேன். நூலகத்தில் மாலை வேலை பார்த்துச் சேர்த்தது இருக்கிறது. நீங்கள் துணிமணிக்கு அனுப்பும் பணத்தையும் இதில் போட்டுக்கொள்ளலாமா?

பெரிய பெட்டியாக வாங்கினால் மலிவு. விடுதியில் வைக்க இடமில்லை. அம்மா வீட்டில் முன்னறையைக் காலி செய்து மேஜை போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். வார இறுதியில் அங்கே போய் வேலை செய்துகொள்ளலாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்பு மகள்

*

ஜனவரி 24

அன்பு மகளுக்கு,

தோள் இருந்த இடத்தில் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. மருத்துவரிடம் போனால் வயதாகிவிட்டது என்பார். அதைச் சொல்ல என் அலுவலகத்திலேயே ஆள் இருக்கிறது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர் மேலாளராகி வருடங்கள் ஆகின்றன. இன்னும் என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "நல்லா இருக்கு சார்" என்கிறார்.

பணத்தை உன் விருப்பப்படி செலவழி. விளையாட்டைப் பற்றி என் கருத்து உனக்குத் தெரியும், தாளை வீணாக்கவில்லை.

ஆனால் அந்த மேஜை. "சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடிக்கடைக்காரர் சொல்கிறார் என்றே எழுதலாம். உன் அம்மாவின் இரண்டாவது கணவர் மூக்குக்கண்ணாடி விற்கிறார் என்பதும், எனக்கு அவரைக் கண்டால் ஆகாது என்பதும் ரகசியம் இல்லை. என் வீட்டிலிருந்து போனது போதாதென்று இப்போது மேஜை வேறு போடுகிறார்.

எனக்குக் கணினி தெரியாது. பெட்டி தெரியும். படித்து முடித்த நாளிலிருந்து மின்பலகைகளுக்கு இரும்புப் பெட்டி வரைகிறவன். பெரிய பெட்டியை ஓர் அறையில் வைத்துவிட்டால் அது அந்த அறைக்குச் சொந்தமாகிவிடும், அதன் முன்னால் உட்காருகிறவரும் அப்படித்தான். போன கோடை விடுமுறையில் நாலு நாள் வந்தாய். அதில் ஒரு நாள் பேருந்தில் போயிற்று. இந்த முன்னறை ஏற்பாடு நடந்தால் அந்த நாலு நாளும் எனக்குக் கிடைக்காது. சுற்றி வளைக்கத் தெரியாமல் நேராக எழுதுகிறேன்.

சின்னதாகச் செய்ய முடியாதா? தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறுகிற மாதிரி? உதிரிகளின் அளவை அனுப்பு. பெட்டியை நான் செய்து தருகிறேன்.

குளிரில் காதை மூடிக்கொள்.

அப்பா

*

பிப்ரவரி 8

அன்புள்ள அப்பாவுக்கு,

காதை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன். நீங்கள் பெட்டி செய்து தருவதாக எழுதிய வரியை இரண்டு தடவை படித்தேன். என் அறைத்தோழியிடமும் படித்துக் காட்டினேன். அவளை நாங்கள் சுண்டெலி என்போம். "உங்க அப்பாவா? அந்தக் கோவக்கார அப்பாவா?" என்றாள். அதே அப்பாதான் என்றேன்.

சின்னதாகச் செய்வதில் ஒரு கஷ்டம். மதர்போர்டு சின்னதாக ஆக விலை பெரிதாகிறது. அதனால் மற்றதையெல்லாம் பழையதாக வாங்குகிறேன். செத்துப்போன மடிக்கணினியிலிருந்து சேமிப்பு வட்டை மட்டும் உயிரோடு எடுத்துவிட்டேன். கிராபிக்ஸ் கார்டுக்கு, படிக்கட்டு இறங்கிப் போகிற ஒரு பழைய உதிரிக்கடை இருக்கிறது. சுண்டெலியும் வந்தாள்.

"அண்ணே, இந்தக் கார்டு இதுக்கு முன்னாடி யாருகிட்ட இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒரு டாக்டர் வீட்டுப் பையன்கிட்ட. பரீட்சைன்னு அவங்க அம்மா புடுங்கி வித்துட்டாங்க."

"போன வருஷம் எனக்கு வித்த கார்டையும் டாக்டர் வீட்டுப் பையன்தான் வெச்சிருந்தான்னு சொன்னீங்களே" என்றாள் சுண்டெலி.

"டாக்டருக்கு ரெண்டு பையன்மா."

அவர் கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னோம். சூடு அடங்கித்தான் இருந்தது. ஒற்றை விசிறி வைத்த குட்டைக் கார்டு. நம் பெட்டிக்கு இதுதான் சரி. டாக்டரின் மூன்றாவது பையனைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் விலையையும் கொஞ்சம் குறைத்தார்.

எல்லா உதிரிகளின் அளவும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் இதனால் தொந்தரவு வராதே?

அன்பு மகள்

*

பிப்ரவரி 27

அன்பு மகளுக்கு,

நலம். இத்துடன் பெட்டி வருகிறது.

கழிவுத் தகடு எடுக்க மேலாளரின் கையெழுத்து வேண்டும். அவரிடம் போய் எதையும் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். உனக்காகப் போய் நின்றேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தகடு வளைக்கிறவர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "என்ன சார், புறாக்கூடா?"

"கம்ப்யூட்டர் பெட்டி."

"யாருக்கு?"

"என் பொண்ணுக்கு."

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

ஒரே கூரையின் கீழ் இத்தனை வருடம் வேலை பார்க்கிறோம், இந்த மனிதருக்கு அது தெரியாது. பிறகு என்னென்னவோ கேட்டார். எந்த ஊரில் படிக்கிறாள், என்ன படிக்கிறாள், அப்பா ஜாடையா அம்மா ஜாடையா. அவர் கேட்கக் கேட்க நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

மூலைகளை மழுக்கியிருக்கிறேன், இடுப்பில் இடிக்காது. காற்றுத் துளைகளை நானே போட்டேன். கைப்பிடி ஒரு பழைய அளவுக்கருவிப் பெட்டியினுடையது, முழு எடையையும் தாங்கும். சாம்பல் நிறம்தான் கிடைத்தது. பிடிக்கவில்லை என்றால் வேறு அடித்துக்கொள்.

பொருத்திவிட்டு எழுது.

அப்பா

*

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? பெட்டி வந்தது. விடுதியில் எல்லோரும் தூக்கிப் பார்த்துவிட்டார்கள். சுண்டெலி அதன்மேல் ஏறி நின்றே பார்த்தாள். அசையவில்லை. சாம்பல் நிறம் அழகாக இருக்கிறது, வேறு அடிக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று. மூடி உட்காரவில்லை. கார்டின் தலையில் ஒரு மின்செருகு வந்து மாட்டுகிறது. நான் கார்டை அளந்தேன், செருகு மாட்டியபின் அளக்கவில்லை. ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது. உங்கள் வரைபடத்தில் குறையில்லை, நான் கொடுத்த அளவில்தான் குறை. இதை எழுதவே இவ்வளவு நாள் ஆயிற்று.

இப்போதைக்கு மூடி இல்லாமல் அம்மா வீட்டு மேஜையில் வைத்து ஓட்டுகிறேன். ஓடுகிறது அப்பா. முதல் தடவை பொத்தானை அழுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. எல்லாச் செருகையும் பிடுங்கி மறுபடி மாட்டினேன். பிறகு பார்த்தால் பின்னால் சுவிட்சையே போடவில்லை. போட்டதும் விசிறி சுற்றிய சத்தம் இருக்கிறதே, அதை உங்களுக்குக் கேட்கவைக்க வேண்டும்.

கோபப்படாதீர்கள்.

அன்பு மகள்

*

மார்ச் 16

மகளுக்கு,

நலம்.

மூடி இல்லாத பெட்டி பேருந்தில் ஏறாது. ஆக, போட்ட மேஜை வீண்போகவில்லை. கண்ணாடிக்கடைக்காரருக்கு என் பாராட்டைச் சொல். ஒரு துரும்பைக்கூட அசைக்காமலேயே எல்லாம் அவர் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சிலருக்கு அப்படி ஒரு ராசி.

கோடைக்கு உன் வசதி எப்படியோ அப்படிச் செய். உனக்கென்று பின்னறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா

*

ஏப்ரல் 6

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்து வாரக்கணக்காகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தேர்வு என்று எடுத்துக்கொள்கிறேன். வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ள முடிகிறது, அதைத் தாளில் வைக்கவில்லை.

அந்தச் செருகு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் என்று பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கணினிக் கடைக்குப் போனேன். உன் கார்டின் பெயரைச் சொன்னேன். எடுத்து வைத்தார். செருகை மாட்டச் சொன்னேன். மாட்டினார். சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்தேன்.

"சார், வாங்க வந்தீங்களா, அளக்க வந்தீங்களா?"

"அளக்க."

இவ்வளவு நேராகப் பதில் வந்தால் மனிதர் என்ன செய்வார். விளக்கைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிவைத்தார்.

மூடியை அந்த இடத்தில் மட்டும் மேடாக எழுப்பிவிட்டோம். வளைக்கிறவர், "கூடு இப்போ ஒட்டகமாயிடுச்சு சார்" என்கிறார். பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் மூடும். இத்துடன் அனுப்புகிறேன்.

பின்னறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. சன்னல் பக்கம் மேஜை போட்டிருக்கிறேன்.

அப்பா

*

ஏப்ரல் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். தேர்வு முடிந்தது. பதில் எழுதாததற்குத் தேர்வு பாதிக் காரணம்தான். உங்கள் மார்ச் கடிதத்துக்கு எழுதிய பதில்களையெல்லாம் கிழித்துப் போட்டேன். அவற்றில் எதையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை.

மூடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. திருகுகளைப் போட்டு முடித்ததும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு விடுதி நடைவழியில் ஒரு சுற்று நடந்தேன். ஏன் என்று தெரியவில்லை. தூக்கிக்கொண்டு நடக்க முடிகிறது என்பதற்காகத்தான் இருக்கும்.

போன சனிக்கிழமை அணித்தோழி ஒருத்தியின் வீட்டில் போட்டி. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒட்டகத் திமிலைத் தட்டிப் பார்த்து, "உள்ள என்னம்மா, பூனையா?" என்றார். "கம்ப்யூட்டர்" என்றேன். "மூச்சு விட ஓட்டையெல்லாம் இருக்கே" என்று கடைசிவரை நம்பாமலேயே இறங்கிப் போனார். போட்டியில் தோற்றோம். ஆனால் நான் கைதட்டவில்லை, விளையாடினேன்.

கடையில் பளபளவென்று விற்கிற பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். எதிலும் அவரவர் அப்பா போட்ட துளைகள் இல்லை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை அப்பா, அதனால் நேரில் வருகிறேன். மே ஐந்தாம் தேதி. விடுமுறை முடியும்வரை இருப்பேன். நீங்கள் எதுவும் வாங்கி வைக்க வேண்டாம். பெட்டி வருகிறது, அது போதும்.

அன்பு மகள்

*

ஏப்ரல் 21

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கையெழுத்து உங்களுக்குப் புதிதாக இருக்கும். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நீங்களும் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் என் எண்ணைப் பார்த்தால் எடுக்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிட வேண்டாம், சின்னக் கடிதம்தான்.

நீங்கள் செய்த பெட்டியில் எல்லாம் இருக்கிறது. பார்க்கத் திரை இல்லை. இங்கே அவள் எங்கள் வீட்டுத் திரையில் மாட்டிக்கொள்கிறாள். தோழி வீட்டில் அவர்களுடையதில் மாட்டிக்கொண்டாள். உங்கள் வீட்டில் தொலைக்காட்சிகூடக் கிடையாது என்று அவள் அம்மா சொன்னாள். நேற்று அவள் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அங்க போய் எதுலம்மா பாப்பே?"

"பாக்கப் போறதில்ல. பெட்டியை மட்டும் கொண்டு போறேன்."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமே."

"சொன்னா, வராம இருக்கறதுக்குச் சாக்கு தேடறேன்னு நெனைப்பார். வேணாம். அவர் செஞ்சதை அவர்கிட்ட காட்டணும், அவ்வளவுதான்."

விடுமுறை முழுவதும் இருட்டுப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தயாராகிவிட்டாள். என் கடைச் சன்னலில் ஒரு திரை நாள் முழுவதும் விளம்பரம் ஓட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் நின்று பார்ப்பதில்லை. அதைப் பேருந்துப் பார்சலில் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல் அனுப்பியதற்கு மன்னியுங்கள், கேட்டால் வேண்டாம் என்பீர்கள். நீங்களே வாங்கியதாக அவளிடம் சொல்லிக்கொள்ளுங்கள். நான் மறுக்க மாட்டேன்.

அவளை அனுப்பிவைப்பதில் எனக்கு அப்படி ஒன்றும் சந்தோஷம் இல்லை. போட்ட மேஜை சும்மா கிடக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
கண்ணாடிக்கடைக்காரன்

*

மே 2

ஐயா,

வணக்கம். நலம். உங்கள் நலமும் அதுபோலவே இருக்கட்டும்.

பார்சல் வந்தது. இரண்டு நாள் பிரிக்கவில்லை. வாசலில் சாத்திவைத்து, போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தேன். நேற்று பிரித்தேன்.

அந்தப் பெட்டியின் ஒவ்வொரு திருகுக்கும் நான் இடம் குறித்தேன். அவளை இங்கே வரவழைப்பது ஒன்றே என் நோக்கம். வந்தபின் எதைப் பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் மின்கம்பி வைக்க மறந்துவிட்டீர்கள். இதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடைக்குப் போனேன்.

"இன்னிக்கும் அளக்கவா சார்?"

"இல்ல, வாங்கத்தான். மானிட்டர் கம்பி ஒண்ணு."

"எந்த மானிட்டருக்கு?"

"என் பொண்ணு பாக்கப்போற மானிட்டருக்கு."

நான் வாங்கியதாக அவளிடம் சொல்ல மாட்டேன். கம்பி என்னுடையது, திரை உங்களுடையது. அப்படியே சொல்வேன். உங்கள்மேல் எனக்குள்ள கோபம் நீண்ட நாள் கோபம், ஒரு பார்சலில் தீராது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு பக்கம், நீங்கள் செய்தது நல்ல காரியம். நன்றி. ஒரே ஆளிடம் இரண்டையும் வைத்துக்கொள்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
அவள் அப்பா

*

ஜூன் 22

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் அனைவரும் நலமா? இங்கே அவள் நலம். என் தோள் மோசமாகிவிட்டது, அதற்குக் காரணம் விளையாட்டு. கார் ஓட்டுகிற ஒன்றை எனக்குப் பழக்கினாள். என் காரைத் திரும்பத் திரும்பச் சுவரில் கொண்டுபோய் மோதுகிறேன். "அப்பா, அது சுவர்." "தெரியுது." "தெரிஞ்சுமா?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சிரிக்கிறாள்.

வந்த அன்று பின்னறைக்குள் போனவள் திரையைப் பார்த்து அப்படியே நின்றாள். கீழ்விளிம்பில் உங்கள் கடையின் ஒட்டுச்சீட்டு இருந்தது. நான் சுரண்டிப் பார்த்திருந்தேன். 'பார்வைப் பரிசோதனை' போய்விட்டது, 'இலவசம்' மட்டும் வர மாட்டேன் என்றது.

"இது கடை ஜன்னல்ல இருந்ததாச்சே."

"ஆமா."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல. அவரா அனுப்பினார்."

"நீங்க வாங்கிக்கிட்டீங்களா?"

வாங்கிக்கொண்டேன் என்றேன். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் நின்றிருந்த இடத்துக்கு வந்து என் வலிக்காத தோளில் சாய்ந்துகொண்டாள். அவ்வளவு பெரிய பெண் என் தோளில் சாய்ந்து வெகு காலமாகிறது. அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

விடுமுறை முழுவதும் இங்கேதான் இருக்கிறாள். தகடு வளைக்கிறவர் ஒரு நாள் மனைவியோடு வந்து, ஒட்டகம் படம் காட்டுவதைப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது பின்னறையில் யாருடனோ சேர்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். "வலது பக்கம் போடி, வலது பக்கம்" என்று அதட்டுவது கேட்கிறது.

திரையை அவள் கிளம்பியதும் திருப்பி அனுப்புவதாக இருந்தேன். டிசம்பரிலும் வருகிறேன் என்கிறாள். அதனால் அனுப்பவில்லை. உங்கள் சன்னலுக்கு வேறு பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை இங்கே பேருந்தில் ஏற்றிவிடுகிறேன். அங்கே வந்து சேர இருட்டிவிடும். துணிப்பை ஒன்று, பெட்டி ஒன்று. தனியாகத் தூக்கிவிடுவேன் என்பாள், கேட்காதீர்கள். நிறுத்தத்துக்கு யாராவது போக வேண்டும். வேறு ஆளை அனுப்ப வேண்டாம், நீங்களே போங்கள்.

நன்றியுடன்,
அவள் அப்பா